கெய்ரோ மாநாடும் கால் சுரமும்: 1932 விவாதத்தின் ஒரு மறுவாசிப்பு

1932 மார்ச், ஏப்ரல் மாதங்களில் மன்னர் முதலாம் ஃபுவாதின் ஆதரவில் கெய்ரோவில் கூடிய அரபு இசை மாநாடு, கீழை மரபின்மேல் ஐரோப்பியப் புலமை செலுத்திய ஆதிக்கத்திற்குச் சான்றாகவே பலராலும் காட்டப்படுகிறது. பேலா பார்ட்டோக், பவுல் ஹிண்டமித், குர்ட் சாக்ஸ், எரிக் ஃபான் ஹார்ன்போஸ்டல், ராபர்ட் லாக்மன் ஆகியோர் அங்குக் கூடியிருந்தமை இவ்வாசிப்புக்கு அரண் செய்வதாகத் தோன்றும். ஆயினும் விவாதங்களில் எவர் எப்பக்கம் நின்றனர் என்று நோக்கின் இக்கருத்து நிலைபெறாது. பியானோ முதலிய ஐரோப்பியக் கருவிகள் அரபு இசைக்குள் வரவேண்டும் என வாதிட்டோருள் எகிப்தியர் பலர். அவை மரபைச் சிதைக்கும் எனத் தடுத்தோருள் ஐரோப்பியர் பலர். ஒரு சாரார்க்கு அரபு இசை வளரவேண்டிய கலை. மற்றவர்க்கு அது காக்கப்படவேண்டிய அரும்பொருள். பின்னதும் ஒருவகை ஆதிக்கமே என்பதை மறுப்பதற்கில்லை.

இப்பிணக்கின் உயிர்நிலை சுரப்பகுப்பில் உள்ளது. ஒரு ஸ்தாயியை 24 சம பாகங்களாகப் பகுக்கும் முறை ஐரோப்பியர் கொணர்ந்ததன்று. 1840 அளவில் திமிஷ்கில் வாழ்ந்த மருத்துவர் மிகாயில் மிஷாக்கா தம் நூலில் அதனை விரித்துரைத்தார். அதற்கு முன்னரோ, 13ஆம் நூற்றாண்டில் சஃபியுத்தீன் அல்-உர்மவி 17 நிலைகளைக் கணித்திருந்தார், அவை சமமானவையல்ல. அதற்கும் முன்னர், 8ஆம் நூற்றாண்டில் பாக்தாதின் ஊது கலைஞர் மன்சூர் ஸல்ஸல் நடுவிரலை வைத்த இடமே ஒரு சுரத்திற்குப் பெயராயிற்று. சாதாரண காந்தாரத்திற்கும் அந்தர காந்தாரத்திற்கும் இடையே நிற்கும் அச்சுரத்தை அல்-ஃபாராபி 27:22 என்னும் விகிதத்தால் குறித்தார். இது ஏறத்தாழ 355 சென்ட். 24 சமப் பகுப்பில் அதன் இடம் 350 சென்ட்.

ஐந்து சென்ட் வேறுபாட்டைச் செவி எளிதில் உணராது. எனவே சமப் பகுப்பு 'தவறான எண்' என்னும் வழக்கமான குற்றச்சாட்டில் சாரமில்லை. சிக்கல் எண்ணில் இல்லை. எல்லா மகாமுக்கும் எல்லா ஊருக்கும் ஒரே எண் என்பதில் உள்ளது. ராஸ்த் மகாமில் சீகா எனப்படும் சுரம் சற்று உயர்ந்து ஒலிக்கும். பயாத்தியில் அதுவே தாழும். துருக்கிய வழக்கில் அது இன்னும் உயரும். துருக்கியிலிருந்து வந்த ரவூஃப் யெக்தா பே சமப் பகுப்பை எதிர்த்தமைக்கு இதுவே அடிப்படை எனலாம். மெட்டுப் பிரிவற்ற ஊதில் விரல் நகர்ந்து இவ்வேறுபாட்டைத் தந்துவிடும். பியானோவில் அதற்கு வழியில்லை. சுரப்பகுப்புக் குழு ஒருமித்த முடிவுக்கு வராமலேயே கலைந்தது. அம்முடிவின்மையைத் தோல்வியாகக் கருதுவோர், அது கலைஞரின் செவிக்குக் கிடைத்த தற்காலிக விடுதலை என்பதைக் கவனிப்பதில்லை.

மாநாட்டின் நடவடிக்கைத் தொகுப்பு அரபியில் 1933இலும் பிரெஞ்சில் 1934இலும் அச்சேறியது. லாக்மன் தலைமையில் பதிவான நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட இசைத்தட்டுகளோ, 2015இல்தான் பிரான்சு தேசிய நூலகத்தின் முயற்சியால் 18 குறுந்தட்டுகளாக முழுமையுற வெளிவந்தன. ஆகவே எண்பதாண்டு ஆய்வு பெரிதும் அச்சிட்ட சொற்களையே நம்பி நடந்தது. இத்தட்டுகளில் மிக்க கவனத்திற்குரியது ஈராக்கியக் குழு. பாடகர் முகம்மது அல்-குப்பஞ்சி முஸ்லிம். உடன் வாசித்தோருள் ஊது கலைஞர் எஸ்ரா அஹரோன் உள்ளிட்ட பெரும்பாலோர் பாக்தாத் யூதர். அஹரோன் சில ஆண்டுகளிலேயே எருசலேமில் குடியேறினார். ஈராக்கிய யூதருள் மிகப் பலர் 1950-51இல் நாட்டை விட்டு நீங்கினர். நாடு தன் இசையென அனுப்பிவைத்த ஒலி, அவ்வாறு அதை உருவாக்கியோரிடமிருந்து பிரிந்து தட்டுகளில் மட்டும் எஞ்சியது. குப்பஞ்சியின் சீகாவையும் துனிசியக் குழுவின் சீகாவையும் அருகருகே வைத்து அளப்பது, மாநாட்டுக் குழு விட்டுச்சென்ற வினாவை அதன் சொந்தச் சான்றுகொண்டே மீண்டும் எழுப்பும்.