பலகையைப் பார்த்தா வேலைக்குச் சேர்வது?

தொழிலகப் பாதுகாப்பில் பட்டயம் முடித்து வரும் இளைஞர்கள் முதலில் பார்ப்பது கம்பெனியின் பெயரை, அடுத்து சம்பளத்தை. வாயிலில் 'விபத்தில்லா நாட்கள்' என்று பெரிய எண்ணுடன் பலகை தொங்கினால் மனம் அங்கேயே நிறைந்துவிடுகிறது. பெரிய இடமாகப் பார்த்துச் சேரும் இந்த வழக்கத்தில் நியாயம் உண்டு, ஓட்டையும் உண்டு.

நியாயம் சட்டத்திலேயே இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 1000 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலைகளில் பாதுகாப்பு அலுவலரைக் கட்டாயமாக்கியது. 2020ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த வரம்பை 500 ஆக்கியது. அபாயமான செயல்முறை உள்ள ஆலைகளுக்கும் கட்டுமானப் பணிகளுக்கும் 250. ஆக, ஆள்பலம் உள்ள இடத்தில்தான் இந்தப் பதவிக்குச் சட்டத்தின் துணை நிற்கிறது. அபாயமான வேலைக்கு எழுத்தில் அனுமதி தரும் பெர்மிட் முறையையும் தீயணைப்பு ஒத்திகையையும் மூத்தவர்களோடு நின்று பழகும் வாய்ப்பு சின்னப் பட்டறையில் வாய்ப்பது அரிது.

ஓட்டை அந்தப் பலகையில் இருக்கிறது. மெக்சிகோ வளைகுடாவின் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் துரப்பண மேடை, பணிநாள் இழக்கும் அளவுக்கு ஒரு காயமும் இல்லாமல் ஏழு ஆண்டுகள் இயங்கியது. அதைப் பாராட்ட அதிகாரிகள் மேடைக்கே வந்திருந்த 2010 ஏப்ரல் 20 அன்றுதான் அது வெடித்தது. 11 பேர் இறந்தார்கள். அதற்கு முன், 2005இல் அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டியிலுள்ள பிபி நிறுவனத்தின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வெடித்து 15 பேர் மாண்டனர். முன்னாள் அமெரிக்க வெளியுறவுச் செயலர் ஜேம்ஸ் பேக்கர் தலைமையிலான குழு ஆராய்ந்தபோது, தனிநபர் காயங்கள் குறைந்ததையே ஆலையின் பாதுகாப்பாக நிர்வாகம் எடுத்துக்கொண்டது வெளிப்பட்டது. வழுக்கி விழுந்தவர்களை எண்ணும் பலகைக்குக் குழாயில் ஏறும் அழுத்தம் தெரியாது.

இன்னொரு சிக்கல், பெரிய ஆலைக்குள் இருந்தும் ஒப்பந்தக்காரரிடம் சம்பளம் வாங்கும் சேஃப்டி ஆபீசரின் நிலை. ஷட்டவுன் நேரம். தொட்டிக்குள் இறங்கிச் சுத்தம் செய்ய நான்கு பேர் காத்திருக்கிறார்கள். மேன்ஹோலில் இறக்கிய கேஸ் மீட்டர் ஆக்சிஜன் 18 சதவீதம் என்கிறது, 19.5க்குக் குறைந்தால் ஆளை இறக்கக் கூடாது. புளோயர் வைத்துக் காற்றேற்ற நேரமாகும். "பத்து நிமிஷ வேலை சார், பெர்மிட்டில் கையெழுத்துப் போடுங்க" என்கிறார் சூப்பர்வைசர். அந்தத் தாமதத்தின் நஷ்டம் விழுவது, ஆபீசருக்குச் சம்பளம் தருபவரின் தலையில்.

பாதுகாப்பு அலுவலர் தலைமை நிர்வாகிக்கு நேரடியாகக் கட்டுப்பட வேண்டும், அவர் கடமைக்கு முரணான வேலை எதையும் தரக் கூடாது என்று பல மாநில விதிகள் சொல்வது இதனால்தான். உற்பத்தி மேலாளருக்குக் கீழே உட்கார வைத்து, கேன்டீன் கணக்கையும் தலையில் கட்டும் இடத்தில் அவர் எந்த வேலையை நிறுத்த முடியும்?

அதற்காக ஒப்பந்த வேலையை ஒதுக்கிவிடவும் முடியாது. சாரம், கிரேன், வெல்டிங், உயரத்து வேலை எல்லாவற்றையும் இரண்டே ஆண்டில் கண்ணால் பார்த்துக் கற்கும் இடம் அது. யாரிடம் சேர்ந்தாலும் நேர்முகத் தேர்வில் கேட்க வேண்டிய கேள்விகள் இவைதான்: இங்கே கடைசியாகப் பாதுகாப்புக்காக நிறுத்தப்பட்ட வேலை எது, நிறுத்தியது யார், அவர் இன்னும் இங்கே வேலையில் இருக்கிறாரா?