தூரத்துக் கல்வியும் கிட்டத்துக் காவலும்

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொரோனா நோயின் நிமித்தம் தமிழ்நாட்டுக் கல்லூரிகளெல்லாம் கதவடைத்தபோது, வீட்டிலிருந்தபடியே கற்பது நமக்கு நூதனமான காரியம் என்று பலரும் பேசினார்கள். உண்மை அப்படியன்று. டெல்லிப் பல்கலைக்கழகம் 1962லும் மதுரைப் பல்கலைக்கழகம் 1971லும் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கிவிட்டன. பகலெல்லாம் உத்தியோகம் பார்த்துவிட்டு, தபாலில் வந்த பாடங்களை இரவில் படித்துப் பட்டம் பெற்ற குமாஸ்தா ஒருவராவது இல்லாத குடும்பத்தைக் காண்பது அரிது. கொரோனாக் காலத்து ஏற்பாட்டுக்கு நேர்ந்த சங்கடங்களுக்கெல்லாம் தூரத்தின்மேல் பழி போடுவது, ஆகவே, நியாயமாகாது.

அஞ்சல்வழிக் கல்வி மாணவனுடைய பொழுதை அவன் வசமே விட்டிருந்தது. நம் கல்லூரிகளோ வகுப்பறையின் கால அட்டவணையைச் சிறிதும் குறைக்காமல் கைப்பேசிக்குள் புகுத்தின. காலை முதல் மாலை வரை அடுக்கடுக்காக வகுப்புகள், ஒவ்வொன்றின் துவக்கத்திலும் வருகைப்பதிவு, கறுப்புக் கட்டங்களாக நிற்கும் அறுபது பெயர்களை நோக்கி, “கேக்குதா? யாராச்சும் பதில் சொல்லுங்கப்பா” என்று மன்றாடும் பேராசிரியர். 2017-18ஆம் ஆண்டின் தேசிய மாதிரி ஆய்வு, கிராமப்புற வீடுகளில் நூற்றுக்குச் சுமார் பதினைந்தில்தான் இணைய வசதி உண்டு என்று முன்னரே தெரிவித்திருந்தது. 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை நாளொன்றுக்கு இரண்டு ஜிபி வீதம் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு இலவச டேட்டா அளிக்க அரசு முன்வந்தது நல்ல காரியமே. ஆனால், வீட்டிலுள்ள ஒரே போனைத் தகப்பனார் வேலைக்கு எடுத்துச் சென்றுவிட்டால், அந்த டேட்டாவை எதில் உபயோகிப்பது?

எனினும் ஓர் அனுகூலத்தை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தமிழ் வழியில் பயின்று, குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த மாணவன், ஆங்கிலத்தில் விரைந்தோடும் விரிவுரையில் பாதியைத் தவறவிட்டுவிட்டு எழுந்து கேட்க அஞ்சி வாளாவிருப்பது நாம் நெடுங்காலமாகக் கண்டுவரும் அவலம். பதிவு செய்யப்பட்ட பாடமோ அவனுக்காக நிற்கும், பின்னோக்கிச் செல்லும், எத்தனை முறை கேட்டாலும் முகம் சுளிக்காது. இந்த சௌகரியத்தை எந்த விரிவுரை மண்டபமும் அவனுக்கு அளித்ததில்லை. பிரயோகசாலைப் பாடங்களின் கதி வேறு: உப்புக்கரைசல் நிறம் மாறுவதைத் திரையில் பார்ப்பவனுக்கு, ஒரு சொட்டு அதிகமாக விட்டுக் காரியத்தைக் கெடுத்துக் கற்றுக்கொள்ளும் பாக்கியம் இல்லை.

இந்த முறையின் மெய்யான சோதனை பரீட்சையில்தான் வந்தது. அண்ணா பல்கலைக்கழகம் 2021 பிப்ரவரியில் நடத்திய இணையவழித் தேர்வில், விடையைத் தேர்ந்தெடுக்கும் வினாக்களைக் கொடுத்து, செயற்கை நுண்ணறிவைக் காவலுக்கு நிறுத்தினார்கள். முறைகேட்டுச் சந்தேகத்தின் பேரில் ஏராளமானோரின் முடிவுகள் நிறுத்திவைக்கப்பட்டன, தோற்றவர்களும் அநேகர். அவர்களில் குற்றவாளி எவர், கூடத்தில் தங்கை கூப்பிட்டதற்குத் திரும்பிப் பார்த்தவர் எவர் என்று காமிரா எங்ஙனம் பகுத்தறியும்? ஒற்றை அறையில் ஐவர் வசிக்கும் வீட்டை மௌனமான தேர்வுக்கூடமாகப் பாவித்ததே அடிப்படைப் பிசகு என்பது என் அபிப்பிராயம்.

ஆட்சேபங்கள் எழுந்தபின் மறுதேர்வுக்கு வழி பிறந்தது. இம்முறை புத்தகத்தைப் பார்த்து எழுதலாம். மூன்று மணி நேரம் கையால் எழுதி, தாள்களைப் படம்பிடித்துப் பிடிஎஃப் ஆக்கி ஏற்றவேண்டும். ஞாபகசக்தியை அளக்கும் பரீட்சைக்குத்தான் காவலாளி தேவை; யோசனையை அளக்கும் பரீட்சைக்கு அவன் அநாவசியம் என்பதைப் பல்கலைக்கழகமே, தன்னை அறியாமல், ஒப்புக்கொண்டுவிட்ட தருணம் அது. துரதிருஷ்டவசமாக, புத்தகத்தைத் திறந்துவைக்கச் சம்மதித்த அளவுக்கு வினாக்களை மாற்றுவதில் சிரத்தை காட்டப்படவில்லை. விளக்குக, வரையறுக்க என்ற பழைய பாணி கேள்விகள் தொடர்ந்த இடங்களிலெல்லாம், பாடநூலின் பக்கங்கள் விடைத்தாளில் அட்சரம் பிசகாமல் இடம்பெயர்ந்தன. அதைக் கண்டு, புத்தகம் பார்த்து எழுதும் முறையே கேலிக்கூத்து என்று ஆசிரியர்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். நேரடித் தேர்வு திரும்பியதும் அந்தத் தீர்ப்பே நிலைத்தது. பதிவுசெய்து வைத்த பாடங்களையாவது வகுப்புக்குத் துணையாகத் தொடர்ந்து கொடுத்திருக்கலாம். அதற்குப் புதிதாகச் செலவு எதுவும் இல்லை.