24-க்குக் கீழே, 48-க்கு மேலே

இரண்டு ஆவணங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். ஒன்று, தமிழ்நாடு அரசின் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்ட விதிகள். இன்னொன்று, ‘ஆரோக்கிய சஞ்சீவனி’ பாலிசியின் வாசகம். எல்லா மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்களும் ஒரே வாசகத்தில் விற்க வேண்டும் என்று ஐஆர்டிஏஐ 2020-ல் கொண்டுவந்த பாலிசி இது. அதனால் இதை விமர்சித்தால் எந்தத் தனி நிறுவனத்தையும் விமர்சித்ததாகாது.

முதல் ஆவணத்தில் 48 மணி நேரம் தாண்டினால் பாதுகாப்பு முடிகிறது. இரண்டாவதில் 24 மணி நேரம் படுக்கையில் இருந்தால்தான் பாதுகாப்பே தொடங்குகிறது. அப்படியானால் ஸ்ட்ரெச்சரில் உள்ளே போகிற ஆளுக்கு எந்தக் கடிகாரம் ஓடும்? இரண்டும் ஓடாத ஒரு பெரிய இடம் நடுவில் இருக்கிறது என்பதுதான் என் வாதம். அதற்கு ஒரு நிலப்பரப்பை எடுத்துக்கொள்கிறேன்: கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரைக்கும் ஈசிஆர், அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகும் சுமார் 30 கிலோமீட்டர்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ‘நம்மைக் காக்கும் 48’ இதே மாவட்டத்தில், மேல்மருவத்தூரில், 2021 டிசம்பர் 18-ல் தொடங்கியது. தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். 81 சிகிச்சை முறைகள், தொடக்கத்தில் ஒருவருக்கு 1 லட்சம் ரூபாய் வரை, தனியாரையும் சேர்த்து 600-க்கும் மேற்பட்ட மருத்துவமனைகள். இந்த எண்களைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அது *கேட்காமல் விட்ட* கேள்விகள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் 2012-லிருந்து இருக்கிறது, நல்ல திட்டம்தான். ஆனால் அதற்கு வருமான வரம்பு உண்டு, அட்டை உண்டு. 48 திட்டத்தில் அட்டையும் வேண்டாம், வருமானச் சான்றும் வேண்டாம், ஊரும் கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை பைக்கில் மாமல்லபுரம் வரும் ஐடி ஊழியர், கட்டடவேலைக்கு ஒடிசாவிலிருந்து வந்தவர், கடற்கரைக் கோயில் பார்க்க வந்த வெளிநாட்டுக்காரர், மூன்று பேரும் ஒரே கணக்கு. ஈசிஆர் மாதிரி ஒரு சாலைக்கு இதைவிடப் பொருத்தமாக ஒரு விதியை எழுத முடியாது என்றே நினைக்கிறேன். ‘இன்சூரன்ஸ் இருக்கா?’ என்ற கேள்வி வாசலிலிருந்து உள்ளே தள்ளப்பட்டிருக்கிறது.

சரி, இப்போது அதே சாலையில் கொஞ்சம் இறங்கி நடப்போம்.

ஈசிஆரில் வடநெம்மேலியில் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1978-ல் தொடங்கியது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நாலு பாம்புகளின் விஷத்தை எடுத்து விஷமுறிவு மருந்து தயாரிக்கும் நிறுவனங்களுக்குத் தருகிறார்கள். நாடு முழுக்க ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் மருந்தின் மூலப்பொருள் இந்தக் கடற்கரையிலிருந்து போகிறது. அந்தச் சங்கத்துக்குப் பக்கத்துத் தோப்பில் ஒருவரைப் பாம்பு கடித்தால் 48 திட்டம் கிடையாது. சங்கத்து வாசலில் வண்டி இடித்தால் உண்டு. மாமல்லபுரத்தில் அலை இழுத்துப்போய் மீட்கப்பட்டவருக்குக் கிடையாது. மாரடைப்பு, பக்கவாதம், கிடையாது. பெயர் என்னவோ ‘இன்னுயிர் காப்போம்’. விதி பார்ப்பது உயிர் எப்படி ஆபத்துக்கு வந்தது என்பதை.

அரசு மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து இலவசம்தானே என்று கேட்கலாம். இலவசம்தான், அது தமிழ்நாட்டின் பெரிய பலம். ஆனால் முதல் அரைமணி நேரத்தில் கையில் கிடைக்கிற ஆஸ்பத்திரி எது என்பது எந்த ஊர், எந்த நேரம், எந்த வண்டி என்பதைப் பொறுத்தது. அது தனியாராக இருந்தால் முதல் தவணைக்கே எட்டு பத்து வயல் மருந்து, ரொக்கமாக.

இங்கேதான் இரண்டாவது ஆவணம் வருகிறது. கையில் பாலிசி இருக்கிறவர் கவலையில்லாமல் போகலாமா?

ஆரோக்கிய சஞ்சீவனி ‘மருத்துவமனையில் சேர்தல்’ என்பதற்குத் தரும் விளக்கத்தில் தொடர்ச்சியாகக் குறைந்தது 24 மணி நேரம் உள்நோயாளியாக இருந்திருக்க வேண்டும். ஒரே நாளில் முடியும் சில அறுவைச் சிகிச்சைகளுக்கு மட்டும் விலக்கு. அட்மிஷனுக்கு முந்தைய 30 நாள் செலவு உண்டு, ஆனால் அட்மிஷன் ஆனால்தான். அதோடு எல்லா பாலிசிகளிலும் இருக்கும் பொதுவான விலக்கு ஒன்று: முக்கியமாகப் பரிசோதனைக்காகவும் மதிப்பீட்டுக்காகவும் மட்டுமே சேர்ந்திருந்தால் பணம் இல்லை.

பாம்புக்கடியையே எடுங்கள். கடித்தது விஷப்பாம்பா, விஷம் உள்ளே போச்சா என்பது பார்த்தவுடனே தெரியாது. ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிஷம் வைத்து உறைகிறதா என்று பார்ப்பார்கள். உறைந்தால் நிம்மதி இல்லை, திரும்பத் திரும்பப் பார்த்து 24 மணி நேரம் கண்காணிப்பார்கள். கடைசியில் எல்லாம் சரியாக இருந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மருத்துவம் இதை வெற்றி என்று சொல்கிறது. பாலிசி வாசகத்தில் இதையே ‘வெறும் கண்காணிப்பு’ என்று படிக்க இடமிருக்கிறது. 22-வது மணியில் டிஸ்சார்ஜ் ஆனால் வாதமே கிடையாது.

இது கற்பனைச் சிக்கல் இல்லை. திருக்கழுக்குன்றத்தில் இருக்கும் என் சித்தப்பாவுக்கு நள்ளிரவில் நெஞ்சு வலி. ஒரு தனியார் மருத்துவமனையில் இசிஜி எடுத்து, ட்ரோபோனின் பார்த்து, சில மணி நேரம் கழித்து மறுபடி பார்த்து, ‘இதயத்துல ஒண்ணுமில்ல ஐயா, வயிறுதான்’ என்று காலையில் அனுப்பினார்கள். ஒன்பது மணி நேரம். கிளெய்ம் வரவில்லை. சித்தி கேட்டது: “அப்போ மாரடைப்பு வந்திருந்தா குடுத்திருப்பாங்களா?” ஆமாம் சித்தி, குடுத்திருப்பாங்க. வலி வந்த ராத்திரியில் எது என்று அவருக்கு எப்படித் தெரியும் என்பதற்குப் பாலிசியில் பதில் இல்லை.

அமெரிக்காவில் இதற்கு ஒரு சட்ட அளவுகோல் இருக்கிறது. மருத்துவ அறிவு இல்லாத, ஆனால் நிதானமான ஒரு சாதாரண மனிதர் அந்த அறிகுறிகளைப் பார்த்து ‘இது அவசரம்’ என்று நினைத்திருப்பாரா என்பதுதான் கேள்வி. கடைசியில் வந்த நோய்ப்பெயர் இல்லை. 2010 சட்டத்துக்குப் பிறகு பெரும்பாலான தனியார் காப்பீடுகளுக்கும் அது பொருந்தும். அதை மீறப் பார்க்கிறார்கள் என்று 2017 வாக்கில் ஒரு பெரிய நிறுவனத்தோடு அவசர மருத்துவர்கள் மல்லுக்கு நின்றார்கள். அமெரிக்கக் காப்பீட்டை முன்மாதிரியாகக் காட்டுவது எனக்கே சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அந்த ஒரு வரியைக் கடன் வாங்கலாம்.

நம் ஒழுங்குமுறை ஆணையம் சும்மா இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். 2024 மே மாதச் சுற்றறிக்கையில் கேஷ்லெஸ் அனுமதியை ஒரு மணி நேரத்துக்குள் தர வேண்டும், டிஸ்சார்ஜ் அனுமதியை மூன்று மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று விதித்தது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் அந்த ஒரு மணி நேரம் மருத்துவமனையின் கோரிக்கை நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்ததிலிருந்து. அதற்கு முன்னால் டெபாசிட் கவுன்ட்டரில் நிற்கிற நேரத்துக்குக் கடிகாரம் கிடையாது.

ஏன் சாலை விபத்துக்கு மட்டும் இவ்வளவு அக்கறை? உச்ச நீதிமன்றம் அப்படிப் பிரித்துப் பார்க்கவில்லை. 1989-ல் பரமானந்த் கட்டாரா வழக்கு ஸ்கூட்டரில் போய் அடிபட்டவரைப் பற்றியது. ஆனால் 1996-ல் மேற்கு வங்க வழக்கு, ரயிலிலிருந்து விழுந்து, படுக்கை இல்லை என்று ஒவ்வொரு அரசு மருத்துவமனையாகத் திருப்பப்பட்டவரைப் பற்றியது. சட்ட ஆணையம் 2006-ல் தந்த 201-வது அறிக்கை விபத்தோடு மற்ற அவசர நிலைகளையும் பிரசவ வலியையும் சேர்த்தே மாதிரிச் சட்டம் எழுதியது. பிறகு 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் ‘பொன்னான நேர’ இலவச சிகிச்சையைச் சொன்னது. கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்திருந்த வழக்கில் 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கெடு வைத்த பிறகு, மே மாதத்தில் மத்திய அரசு திட்டம் வந்தது: 7 நாள், 1.5 லட்சம் ரூபாய். சாலைக்கு மட்டும்.

காரணம் எளிது. சாலை விபத்துக்குப் பின்னால் ஒரு வண்டி இருக்கிறது, வண்டிக்குக் கட்டாயக் காப்பீடு இருக்கிறது, அதிலிருந்து ஒரு நிதி திரட்ட முடிகிறது. கண்ணாடிவிரியனுக்கு மூன்றாம் நபர் காப்பீடு கிடையாது.

எதிர்வாதம் ஒன்று வரும்: எல்லாவற்றையும் அவசரம் என்று ஒத்துக்கொண்டால் சளி காய்ச்சலுக்கும் கூட்டம் வந்துவிடுமே? இந்தக் கவலை நியாயமானது. ஆனால் அதற்கான கருவி ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் உள்ளே வருகிறவரைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கும் முறை வந்திருக்கிறது. அந்தப் பிரிப்பு அடிபட்ட காரணத்தைப் பார்ப்பதில்லை. மூச்சு, நாடி, நினைவு, ரத்த அழுத்தம், அவ்வளவுதான். வாசலில் சிவப்பு வாங்கியவருக்கு, எதனால் சிவப்பு என்று கேட்காமல் 48 மணி நேரத்தைத் திறந்துவிட்டால் என்ன? பச்சை வாங்கியவர் வரிசையில் உட்காரட்டும்.

அப்படியே திறந்தாலும் 49-வது மணி நேரம் பாக்கி இருக்கிறது. முதலமைச்சர் காப்பீடு உள்ளவர் அதில் தொடரலாம். இல்லாதவர் அரசு மருத்துவமனைக்கு மாறலாம், அல்லது சொந்தப் பணத்திலோ தனியார் பாலிசியிலோ அங்கேயே இருக்கலாம். கால் எலும்பு முறிவு என்றால் 48 மணி நேரத்தில் ஓரளவு முடிவு தெரிந்துவிடும். தலைக் காயத்துக்கு அப்படி இல்லை; மூளை வீக்கம் இரண்டாம் நாள், மூன்றாம் நாள்தான் உச்சத்துக்குப் போகும். வென்டிலேட்டரில் இருப்பவரை அந்த நேரம் பார்த்து இடம் மாற்றுவதா, கடன் வாங்கி இருக்க வைப்பதா என்று குடும்பம் ஐசியூ வாசலில் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. மத்திய திட்டத்தின் 7 நாள் இந்த விஷயத்தில் மருத்துவத்துக்கு நெருக்கமான எண். மாநிலத் திட்டத்தின் பெயரிலேயே 48 இருப்பதால் மாற்றுவது சிரமமோ என்னவோ.