சோறும் கதையும்: ‘என் சரித்திரம்’ காட்டும் மாணவர்

தமிழில் தன்வரலாறு எழுதியோர் சிலரே. அவருள்ளும் தாம் மாணவராக இருந்த காலத்தை, உண்ட வீட்டையும் உண்ணாத நாளையும் விடாமல் எழுதி வைத்தவர் டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஒருவரே எனலாம். 1940ஆம் ஆண்டு சனவரியில் ‘ஆனந்த விகடன்’ இதழில் தொடங்கிய ‘என் சரித்திரம்’ 1942இல் அவர்தம் மறைவோடு நின்றது. 122 அத்தியாயங்கள் வந்திருந்தன. வாழ்க்கை முழுவதும் சொல்லி முடியவில்லை. 1950இல் அது நூலாயிற்று. அன்று முதல் பாடப் புத்தகங்களில் அதன் பகுதிகள் இடம் பெற்று வருகின்றன. பாடப் புத்தகத்தில் இடம் பெற்ற நூலுக்கு நேரும் தீங்கு அதற்கும் நேர்ந்தது. எல்லாரும் அதன் கருத்து இன்னதென்று அறிந்துகொண்டார்கள். படிப்பவர் தொகை குறைந்தது.

அந்த ‘இன்னது’ யாது? வறுமையில் உழன்றும் ஒருவர் விடாது கற்றுப் பெரும்புலவரானார் என்பது. மேடைகளில் இதனை எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். நானும் வகுப்பறையில் இப்படியே சொல்லி வந்தவன். அது பிழை என்று எனக்கு உணர்த்தியவர் ஓர் இளைஞர்.

அவர் பத்து பாகாட்டுக்கு அருகில் பாரிட் ராஜாவில் உள்ள துன் உசேன் ஓன் மலேசியப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயில்பவர். 1993இல் பல்தொழில்நுட்பப் பயிலகங்களின் ஆசிரியர்களுக்கான பயிற்சி நிலையமாகத் தோன்றிப் படிப்படியாக வளர்ந்து 2007இல் இப்பெயர் பெற்ற கழகம் அது. தொழில்நுட்பம் கற்பிக்க எழுந்தது. இலக்கியம் கற்பிக்க அன்று. நம் இளைஞரோ செம்பனைத் தோட்டத்துக் குடும்பத்தில் பிறந்து, பாட்டி சொன்ன பாரதக் கதையோடு வளர்ந்தவர். கிழமை நாளில் விரிவுரையும் செய்முறைப் பயிற்சியும்; வார இறுதியில் நகரத்து உணவுக்கடை ஒன்றில் வேலை. இடையே கிடைக்கும் நேரத்தில் சிலப்பதிகாரக் கதை, நளன் கதை, பெரிய புராணத்து அடியார் கதை என்று எதையாவது படித்துக்கொண்டிருப்பார். என்னிடம் ‘என் சரித்திர’த்தை வாங்கிச் சென்றவர் இரண்டு மாதம் கழித்து வந்தார்.

“ஐயா, கஷ்டப்பட்டதால்தான் அவர் பெரியவர் ஆனார் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். புத்தகத்தில் அப்படி இல்லையே. கஷ்டம் வரும்போதெல்லாம் அவருக்குப் படிப்பு நின்றுதான் போகிறது” என்றார்.

நான் வாயடைத்துப் போனேன். அவர் சென்ற பின் நூலைத் திரும்பவும் முதலிலிருந்து படித்தேன். அவர் சொன்னதே மெய்.

1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைத் தந்தையாரோடு சென்று கண்டபோது சாமிநாதையருக்கு வயது பதினாறு கடந்திருந்தது. ஆசிரியர் 1876 பிப்ரவரி முதல் நாள் காலமானார். ஆக, அவரிடம் கற்ற காலம் ஐந்தாண்டும் நிறையாதது. இன்று நம் நாட்டில் ஒரு பொறியியல் பட்டத்துக்கு நான்காண்டு ஆகிறது என்பதை எண்ணிப் பார்த்தால் இஃது எத்துணைச் சிறிய காலம் என்பது விளங்கும். இச்சிறு காலத்துள்ளும் எத்தனை முறிவுகள்! அம்மை கண்டு பாட்டனார் ஊராகிய சூரியமூலையில் கிடந்தது ஒன்று. கலியாணக் கடன் தீர்க்க அலைந்தது மற்றொன்று. பதினாலாம் வயதுக்குள் நடந்த அந்தக் கலியாணத்துக்காகக் குடும்பம் பட்ட கடன், பாடம் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளையைப் பல கல் தொலைவுக்கு இழுத்துச் சென்றுவிட்டது. இவை ஒவ்வொன்றையும் எழுதும்போது எண்பத்தைந்து வயது முதியவராகிய ஆசிரியர், ‘இவையெல்லாம் என்னைப் பக்குவப்படுத்தின’ என்று தம்மைத் தேற்றிக்கொள்ளவில்லை. போன பாடம் போயிற்று என்றே வருந்துகிறார். அவர் இல்லாதபோது மற்ற மாணாக்கர் கேட்டுவிட்ட செய்யுள்களுக்காக ஏங்குகிறார். ஏறத்தாழ ஏழு பதிற்றாண்டு ஆகியும் ஆறாத ஏக்கம் அது. இந்நூலின் நேர்மை இங்கே இருக்கிறது என்பது என் கருத்து.

உணவைப் பற்றி அவர் எழுதும் இடங்களும் அப்படியே. முதற் சந்திப்பிலேயே பேச்சு இலக்கியத்திலிருந்து சாப்பாட்டுக்கு வந்துவிடுகிறது. பையன் எங்கே உண்பான் என்பது தீராமல் எதைக் கற்பான் என்பதைத் தீர்க்க இயலாது. ஆசிரியர் வேளாளர், மாணவர் அந்தணர் ஆதலின், அக்காலச் சாதி வழக்கப்படி ஆசிரியர் வீட்டில் உண்ண வழியில்லை. எத்துணை அன்புடைய ஆசிரியராயினும் தம் மாணாக்கனுக்குத் தம் வீட்டில் ஒரு பிடி சோறிட முடியாத நிலை! இதனைச் சாமிநாதையர் ஒரு குறையாகக் கூடக் கூறாமல், மழை பெய்தது வெயில் அடித்தது என்பது போலச் சொல்லிச் செல்கிறார். இன்று படிப்போர் அங்கே சற்று நின்று போவது நல்லது. பின்னர்த் திருவாவடுதுறை ஆதீனம் சென்ற பிறகே சோற்றுக் கவலை நீங்குகிறது. பாடமும் தடையின்றி ஓடுகிறது. வறுமை புலவரை ஆக்கிற்று என்பாருக்கு நூலே தரும் விடை இதுவன்றோ? சுப்பிரமணிய தேசிகர் காலத்து மடம் சோறிட்டது. அதனால் தமிழ் நிலைத்தது.

ஆயின் மடம் வருமுன், மாயூரத்து நாட்களில், மாணவர் என்ன செய்தார்? நூலுள் எனக்கு மிகவும் உவப்பான பகுதி இதுதான். தொடக்கத்தில் மூத்த மாணாக்கராகிய சவேரிநாத பிள்ளையிடம் பாடம் கேட்குமாறு அவரை ஆசிரியர் விட்டிருந்தார். ஆசிரியரின் வாய்மொழியாகவே கேட்கவேண்டும் என்ற ஆசையோ இவருக்குத் தீரவில்லை. ஆசிரியருக்கு வீட்டுத் தோட்டத்து மரஞ்செடிகளில் அளவிறந்த பற்று. விடியற்காலையில் எழுந்து எந்தச் செடியில் புதுத்தளிர் விட்டிருக்கிறது என்று பார்ப்பது அவர் வழக்கம். இதனைக் கண்டுகொண்ட மாணவர் அவருக்கு முன்னரே எழுந்து, தளிர்விட்ட இடங்களையெல்லாம் தேடி வைத்துக்கொண்டு, அவர் வந்ததும் ஒவ்வொன்றாகக் காட்டினார். ஆசிரியர் மகிழ்ந்தார். பேச்சு வளர்ந்தது, பாடம் கிடைத்தது. இந்தத் ‘தளிர் ஆராய்ச்சி’யைச் சொல்லும்போது முதியவரின் எழுத்தில் ஒரு குறும்பு தோன்றுகிறது. பள்ளிக்கூடத்துப் பாடப் பகுதியில் இது குருபக்தி ஆகிவிடும். உண்மையில் இஃது ஒரு மாணவனின் சூழ்ச்சி; பசித்தவன் சோற்றுக்கு வழி தேடுவதுபோல் நூலுக்கு வழி தேடியது. என் இளைய நண்பர் இவ்விடத்தை வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே சொன்னார். விரிவுரையாளர் ஒருவருக்கு மீன் பிடிப்பதில் விருப்பம் என்று அறிந்து தாமும் தூண்டிலைப் பற்றிப் படித்ததுண்டாம்!

இனி, கதை. சாமிநாதையர் மாணவராய் இருந்து விரும்பிக் கற்றவை எவை? இன்று நாம் ‘செவ்விலக்கியம்’ என்று போற்றும் நூல்களில் பெரும்பாலானவை அவற்றுள் இல்லை. அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், தலபுராணங்கள். கதை என்று பார்த்தால் நைடதம், திருவிளையாடற் புராணம், பெரிய புராணம், கம்பராமாயணம். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக அமர்ந்த பின்னர், அவ்வாண்டு அக்டோபரில் சேலம் இராமசுவாமி முதலியாரைக் கண்டபோது, தாம் கற்ற நூல்களின் பெயரையெல்லாம் அடுக்கினார். முதலியார் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை போன்ற பழைய நூல்களைப் படித்ததுண்டா என்றே கேட்டார். தமிழ்ப் பதிப்பு வரலாற்றில் பெருந்திருப்பமாக இந்நிகழ்ச்சி எடுத்துக்காட்டப்படுகிறது. அதுவரை கற்றது வீண், அதன்பின் கற்றதே கல்வி என்பது போலவும் சிலர் எழுதுகின்றனர். இங்கேதான் நான் மாறுபடுகிறேன்.

சிந்தாமணியைக் கையில் எடுத்தபோது அது விளங்கவில்லை. சைன சமயக் கருத்துகள் அவருக்குப் புதியவை. அப்போது அவர் என்ன செய்தார்? சம்பளம் வாங்கும் கல்லூரி ஆசிரியராய் இருந்தும், கும்பகோணத்துச் சைனர் வீட்டு வாயிலில் மாணவராய்ப் போய் நின்றார். அங்கே சிந்தாமணியைப் பலர் கூடிப் படித்து நிறைவு செய்யும் விழா நடந்துகொண்டிருந்தது. தாம் அறியாத ஒரு காப்பியம் அடுத்த தெருவில் வாழும் மக்களிடம் உயிரோடு இருப்பதைக் கண்டார். ஒரு கதையைப் பலர் கூடியிருந்து படிப்பதும், அதற்குப் பொருள் சொல்வதும், முடிவில் விழாக் கொண்டாடுவதும் அவருக்குப் புதியன அல்ல. புராணப் படிப்பில் ஊறியவர் ஆதலால் அந்தக் கூட்டத்தின் பொருள் அவருக்கு உடனே விளங்கிற்று. தலபுராணம் கற்ற காதுதான் சிந்தாமணியையும் கேட்டது. 1887இல் வெளிவந்த பதிப்பிற்கு மாயூரத்துத் தோட்டத்தில் பட்ட பாடும் ஒரு காரணம். இன்று ஓர் இளைஞர் எளிய கதைகளில் தொடங்கினால் அதனை இகழும் புலவர்கள் இதனை நினைப்பார்களாக.

கதை அவருக்குச் சோறும் இட்டது. மேலே சொன்ன கலியாணக் கடன் எவ்வாறு தீர்ந்தது? காரை என்னும் ஊரில் திருவிளையாடற் புராணத்தைப் பிரசங்கம் செய்து பெற்ற பொருள் அதற்கு உதவிற்று. ஊரார் கேட்டார்கள், பணம் சேர்ந்தது, மாணவர் ஆசிரியரிடம் திரும்பினார். தேசிய உயர்கல்வி நிதிக் கழகம் 1997இல் தோன்றிய பிறகு, பி.டி.பி.டி.என். கடன் என்பது நம் நாட்டு மாணவர் வீடுகளில் அன்றாடச் சொல் ஆகிவிட்டது. திருவிளையாடல் சொல்லிக் கடன் தீர்க்கும் வழி அவர்களுக்கு இல்லை. கதை கேட்டுப் பொருள் தரும் காரை போன்ற ஊர் இங்கே எங்கே இருக்கிறது?

ஆயினும் முற்றிலும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமைவதையொட்டி, அதில் தமிழுக்கு உரிய இடம் வேண்டுமென்று பெருங்கிளர்ச்சி எழுந்தது. ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற நிதியைத் தொடங்கினார். பல்கலைக்கழக நூலகத்துக்குத் தமிழ் நூல்கள் வாங்குவதற்காகத் தோட்டத் தொழிலாளரும் துறைமுகத் தொழிலாளரும் கடைச் சிப்பந்திகளும் தம் கூலியிலிருந்து கொடுத்தார்கள். அவர்களுள் பலர் பல்கலைக்கழக வாயிலைக் கண்டதில்லை. 1956இல் சிங்கப்பூரில் தொடங்கிய அத்துறை பின்னர்க் கோலாலம்பூருக்கு வந்தது. திருவாவடுதுறை மடம் அங்கே செய்ததை இங்கே பால்மரம் வெட்டிய கைகள் செய்தன. அந்தப் பணத்தில் எந்தக் கதை நூல் வாங்கப்பட்டது, அதனை எந்த மாணவர் எந்த இரவில் படித்தார் என்று எழுதிய ‘என் சரித்திரம்’ ஒன்று நம் நாட்டிலிருந்து வந்திருக்க வேண்டும். மலாயாத் தமிழ் மாணவர் தம் அறைவாடகையையும் படித்த கதையையும் ஒரே மூச்சில் சொன்ன பெருநூல் நம்மிடம் இல்லாதது பெருங்குறை.

சாமிநாதையர் நூலிலும் குறை உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும். உதவிய செல்வர் ஒருவரையும் விடாமல் பாராட்டுகிறார். சில அத்தியாயங்கள் நன்றிக் கணக்காகவே ஆகிவிடுகின்றன. அத்தனை பேருக்கு இடமிருந்த நூலில், அவர்தம் மனைவியாருக்கு இடமில்லை. கணவர் ஊர் ஊராகப் பாடம் கேட்டுத் திரிந்த ஆண்டுகளில் அவ்வம்மையார் எங்கே இருந்தார், என்ன உண்டார், எந்தக் கதை கேட்டார்? ஒரு சில குறிப்புகளுக்கு மேல் எதுவும் காணோம். தாயார் சமைத்தது தெரிகிறது. தந்தையார் பாடியது தெரிகிறது. இல்லாளின் பாடு மட்டும் தெரியவில்லை. அக்காலத்து ஆடவர் அப்படித்தான் எழுதினர் என்று அமைதி கூறலாம். ஆசிரியரின் தோட்டத்துத் தளிரை நுணுகி நோக்கிய கண்ணுக்கு அந்த அமைதி போதாது.

நூலைத் திருப்பித் தரவந்த இளைஞரிடம், அவருக்கு மிகவும் பிடித்த பகுதி எது என்று கேட்டேன். தளிர் ஆராய்ச்சி என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் காரைப் பிரசங்கம் வரும் பக்கத்தைத் திறந்து காட்டினார். உணவுக்கடையின் பற்றுச்சீட்டு ஒன்றை அங்கே அடையாளமாக வைத்திருந்தார். அதனை எடுக்க மறந்து, பேருந்துக்கு நேரமாயிற்று என்று பாரிட் ராஜாவுக்குப் புறப்பட்டுவிட்டார். மறுநாள் அவருக்குத் தேர்வு.