ஊசலும் ஒரு நேர்கோடும்

பெங்களூரில் ஈஜிபுராவின் நெருக்கமான சந்து ஒன்றில், மாடி அறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு ஊசலை ஆடவிடும் கல்லூரி மாணவியின் பொறுமை எனக்கு மிகவும் பிடிக்கும். இரண்டாகப் பிளந்த தக்கையின் நடுவே நூல், அதன் நுனியில் வழவழப்பான பித்தளைக் குண்டு. குண்டு நடுக்கோட்டைக் கடக்கும் கணத்தில் ‘பூஜ்யம்’ என்று எண்ணத் தொடங்குகிறாள்; ‘ஒன்று’ என்று தொடங்கினால் ஓர் ஆட்டம் களவு போய்விடும். நூல் அரை மீட்டர் இருந்தால் 20 ஆட்டத்துக்கு 28 விநாடிக்குச் சற்று மேல், ஒரு மீட்டர் என்றால் 40. நிறுத்துகடிகாரத்தை அழுத்தும் கட்டைவிரலின் சிறு தாமதத்தை 20 ஆட்டங்களும் பங்கு போட்டுக்கொள்கின்றன.

பிறகு கிராஃப் தாள். கிடையில் நீளம், செங்குத்தில் அலைவு நேரத்தின் வர்க்கம். புள்ளிகள் ஒருபோதும் ஒரே கோட்டில் நிற்பதில்லை. சில மேலே, சில கீழே. மீச்சிறு வர்க்க முறை எந்தப் புள்ளியையும் ஒதுக்குவதில்லை. ஒவ்வொன்றும் கோட்டிலிருந்து எவ்வளவு விலகியது என்று பார்த்து, அந்த விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டி, கூட்டுத்தொகை மிகக் குறைவாக வரும் கோட்டைத் தேர்கிறது. அந்தக் கோடு எல்லாப் புள்ளிகளின் சராசரி வழியாகத் தவறாமல் செல்லும். இதிலும் அழகு ஒன்று உண்டு: நூலின் நீளத்தோடு குண்டின் ஆரத்தைக் கூட்ட மறந்திருந்தாலும் கோடு முழுதாக இடம்பெயருமே தவிர, சாய்வு மாறாது. சாய்வு 4.04 அளவில் வரும். 4π²-ஐ அதால் வகுத்தால் கிடைப்பது புவியீர்ப்பு முடுக்கம். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரில் அதன் மதிப்பு, விநாடி வர்க்கத்துக்குச் சுமார் 9.78 மீட்டர்.