பூதகாலம் (திரைப்படம்)

பூதகாலம் (2022) ராகுல் சதாசிவன் இயக்கிய மலையாளத் திரைப்படம். ரேவதி, ஷேன் நிகம், சைஜு குருப் ஆகியோர் நடித்தனர். ஒளிப்பதிவு ஷெஹ்நாத் ஜலால். 2022 ஜனவரி 21 அன்று சோனி லிவ் தளத்தில் நேரடியாக வெளியானது. இப்படத்துக்காக ரேவதி 2021-ஆம் ஆண்டின் சிறந்த நடிகைக்கான கேரள மாநிலத் திரைப்பட விருதைப் பெற்றார்.

தலைப்பு

மலையாளத்தில் 'பூதகாலம்' என்றால் இறந்தகாலம். பூதம் என்னும் சொல்லும் அதனுள் இருக்கிறது. கடந்துபோனது வீட்டைவிட்டுப் போகவில்லை என்பதே கதை.

கதை

கணவரை இழந்த ஆஷா (ரேவதி) மழலையர் பள்ளி ஆசிரியை. மனச்சோர்வு நோய் உள்ளவர். மகன் வினு (ஷேன் நிகம்) மருந்தியல் படித்துவிட்டு வேலையின்றி இருக்கிறான். நோயில் கிடந்த ஆஷாவின் தாய் இறந்தபின் வாடகை வீட்டில் வினுவுக்கு ஓசைகள் கேட்கின்றன, உருவங்கள் தெரிகின்றன. எவரும் நம்புவதில்லை. மனநல ஆலோசகர் ஜார்ஜ் (சைஜு குருப்) அவ்வீட்டில் முன்பு குடியிருந்தவர்களின் மரணங்களைப் பற்றி விசாரிக்கத் தொடங்குகிறார்.

மதிப்பீடு

படத்தின் பெரும்பகுதி பேயைக் காட்டுவதில்லை. பாட்டி படுத்திருந்த அறை, பாதி திறந்த கதவு, விளக்கில்லாத நடை ஆகியவற்றின்மேல் காமிரா பொறுமையாக நிலைக்கிறது. திடீர் ஓசையால் பார்வையாளரைத் திடுக்கிட வைப்பதைவிட, வீட்டின் அமைதியையே தாங்கமுடியாததாக ஆக்குகிறது.

அந்த அமைதி தாய்க்கும் மகனுக்கும் இடையே உள்ளது. தனிமைக்கு அஞ்சி மகனை வெளியூர் அனுப்ப மறுக்கிறார் ஆஷா. அதனால் வினு குடிக்கிறான், கசக்கிறான். அவன் கண்டதைச் சொன்னால் குடியென்றும் பரம்பரை நோயென்றும் கொள்கிறார்கள். கண்டதைச் சொல்லி நம்பப்படாமல் போவதுதான் இப்படத்தின் உண்மையான பயம்.

மணிச்சித்ரதாழ் (1993) பேயெனத் தோன்றியதை மனநோயாக விளக்கியது. அதன் தமிழ் மறுஆக்கம் சந்திரமுகி (2005). பூதகாலம் எதிர்த்திசையில் செல்கிறது. இங்கே நோயெனத் தோன்றியது பேயாகிறது. இத்திருப்பத்தில் ஒரு சிக்கல் உண்டு. பேய் உண்மையென்றால் அதுவரை படம் கவனமாகக் காட்டிய மனச்சோர்வு வெறும் முன்னுரையாகச் சுருங்கிவிடும். ஜார்ஜின் விசாரணைப் பகுதி துப்பறியும் கதைபோல் வீட்டின் வரலாற்றை அடுக்கும்போது அச்சுருக்கம் நிகழ்கிறது. பார்வையாளரிடம் இருந்த ஐயமும் அத்துடன் கலைகிறது.

ஆனால் இறுதிக்காட்சி படத்தை மீட்கிறது. மந்திரவாதி வருவதில்லை, பேய் ஓட்டப்படுவதில்லை. மகன் கண்டதைத் தாயும் காண்கிறார். இருவரும் கைகோத்து வெளியேறுகிறார்கள். விடுதலை பேயை வெல்வதால் அல்ல, ஒருவரை ஒருவர் நம்புவதால் கிடைக்கிறது. ஆஷாவின் நோய் அதனால் தீர்ந்துவிடவில்லை. அதை இனி அவர் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை. பேய் மறந்தபின்னும் இப்படம் நினைவில் நிற்பது இதனால்தான்.