அப்பாவின் சீக்கோ எவ்வளவு பெறும்?

சங்கிலியை விற்பதில் குழப்பம் இல்லை. கோல சிலாங்கூர் நகைக்கடையில் 916 முத்திரையைப் பார்ப்பார்கள், தராசில் வைப்பார்கள், அன்றைய தங்க விலையால் பெருக்குவார்கள். எவ்வளவு கழிப்பது என்பதில்தான் பேச்சு நடக்கும். பழைய கைக்கடிகாரத்துக்கு அப்படியொரு தராசு கிடையாது. புக்கிட் ரோத்தானைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பெரட்டுக்கும் பால் நிறுவைக்கும் மணி பார்த்த தலைமுறை விடைபெற்று வருகிறது. அவர்கள் கட்டியிருந்த சீக்கோவும் டைட்டோனியும் அலமாரியிலிருந்து வெளியே வருகின்றன. பிள்ளைகளுக்கு விலை தெரியவில்லை.

எங்களுக்கும் தெரியவில்லை. அப்பா விட்டுப்போனவை இரண்டு. ஒன்றைத் தம்பி வைத்துக்கொண்டான். மற்றதை, ஒரு சீக்கோ 5-ஐ, விற்பது என்று முடிவானது. ஒரு கடையில் 40 வெள்ளி என்றார்கள். பார்வைக்கு அதே போன்ற ஒன்றுக்கு இணைய விளம்பரத்தில் ஒருவர் 900 கேட்டிருந்தார். 900 அவருடைய ஆசை. எத்தனை மாதமாக அந்த ஆசை அங்கேயே தொங்குகிறது என்பதை விளம்பரம் சொல்லாது. 40 எங்கள் அறியாமைக்குப் போட்ட விலை.

சேகரிப்பாளர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கேட்ட விலையை விட்டுவிடு, விற்ற விலையைப் பார் என்பார்கள். ஈபே போன்ற தளங்களில் விற்று முடிந்தவற்றை மட்டும் தனியே பிரித்துப் பார்க்கலாம். நான் அறிந்த வழிகளில் இதுவே நேர்மையானது. பணம் கைமாறிய இடத்தில் இரண்டு பேர் ஒப்பியிருக்கிறார்கள். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவரும் கோலாலம்பூர் வியாபாரியும் ஒரே எண்ணைப் பார்க்க முடிகிறது. எங்கள் அப்பா காலத்தில் அந்த எண் வியாபாரியிடம் மட்டுமே இருந்தது.

ஆனால் எதை எதோடு ஒப்பிடுவது? இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். சீக்கோ 5 என்பது ஒரு கடிகாரத்தின் பெயரல்ல, பெரிய குடும்பத்தின் பெயர். பின்மூடியைப் பார்க்க வேண்டும். எங்களுடையதில் 6119 என்று தொடங்கும் எண் இருந்தது. அது உள்ளே இருக்கும் இயந்திரம். சிறு கோட்டுக்குப் பின்வரும் நான்கு எண்கள் கூட்டின் மாதிரி. தனியே ஒரு வரிசை எண். அதன் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். எங்களுடையது 14 என்று தொடங்கியது. 1961 ஆக இருக்க முடியாது. சீக்கோ 5 பிறந்ததே 1963-இல்தான். 1981-உம் இல்லை, அதற்குள் 6119 நின்றுபோயிருந்தது. ஆக, 1971 ஏப்ரல். அரைமணி நேர வேலைதான். இதைச் செய்த பிறகுதான் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தகுந்த நான்கைந்து விற்பனைகள் கிடைத்தன. வெள்ளியில் கணக்கிட்டால் 250-ஐ ஒட்டி நின்றன.

பிறகு டயல். நம் ஊர் ஈரக்காற்று கண்ணாடிக்குள் புகுந்தால் டயலில் புள்ளி விழும், எழுத்து மங்கும். அப்பாவுடையது புத்தம் புதிதாக இருந்தது, அதுவே சந்தேகம். ஆறு மணிக்குக் கீழே, விளிம்பில், சீக்கோ பொடி எழுத்தில் அச்சிடும் குறியீட்டைக் காணவில்லை. யாரோ மறுபூச்சு பூசியிருக்கிறார்கள். இந்தியாவிலிருந்து விற்பனைக்கு வரும் பளபளப்பான நீல, ஆரஞ்சு டயல் சீக்கோக்களில் பல இப்படிப்பட்டவை. அவற்றை 'மும்பை வாட்ச்' என்றே ஒதுக்கி வைப்பார்கள். சந்தைக்கு இது களங்கம். விடியுமுன் மரம் சீவப் போய், மங்கிய டயலில் மணி தெரியாமல் தவித்தவருக்கு இது பழுதுபார்ப்பு. விற்ற விலைப் பட்டியலுக்கு முதல் கணக்கு மட்டுமே தெரியும். இந்த முறையின் பெரிய குறையாக நான் நினைப்பது இதைத்தான். கட்டியவர் எவ்வளவு நன்றாகப் பயன்படுத்தினாரோ அவ்வளவுக்கு விலையைக் குறைக்கிறது.

கட்டியவருக்காக விலை ஏறுவதும் உண்டு. நடிகர் பால் நியூமனின் ரோலெக்ஸ் டேட்டோனா 2017 அக்டோபரில் நியூயார்க்கில் பிலிப்ஸ் ஏலத்தில் சுமார் 1 கோடியே 77 லட்சம் டாலருக்குப் போனது. பின்மூடியில் அவர் மனைவி, கவனமாக ஓட்டு என்ற பொருளில் பொறித்துக் கொடுத்த வாசகம் இருந்தது. எங்கள் அப்பா மீதும் அம்மாவுக்கு அதே அக்கறை இருந்தது, ஆனால் அதை உலகம் அறியாது, விலையில் சேராது. அந்த ஏலத்தில் இன்னொரு பாடமும் இருக்கிறது. சுத்தியல் விழுந்தது 1 கோடியே 55 லட்சத்தில். மீதி, ஏல நிறுவனம் வாங்குபவரிடம் பெற்ற கட்டணம். செய்தியில் வரும் எண் விற்றவர் கைக்கு வந்த எண்ணல்ல. சிறிய விற்பனையிலும் தளக் கட்டணமும் தபால் செலவும் இப்படியே ஒளிந்திருக்கின்றன.

கடைக்காரர் கழிக்கும் கணக்கையும் கவனிக்க வேண்டும். 'சர்வீஸ் செய்யணும், அதுக்கு இவ்வளவு கழிச்சிடறேன்' என்பார். ஒப்பிட்ட கடிகாரங்கள் சர்வீஸ் செய்து விற்கப்பட்டவை என்றால் கழிப்பது சரி. எண்ணெய் காய்ந்த நிலையிலேயே விற்றவை என்றால் அந்தக் குறை ஏற்கெனவே விலைக்குள் இருக்கிறது. மறுபடி கழிப்பது ஒரே கடனை இரண்டு முறை வசூலிப்பது. நாங்கள் பார்த்த விற்பனைகளில் பெரும்பாலானவை இரண்டாவது வகை. டயல் வேறு. அவற்றின் டயல்கள் அசல். அதற்குக் கழிக்கத்தான் வேண்டும்.

பாதி விலைக்குக் கேட்கும் எல்லாக் கடைக்காரரையும் திருடர் என்று சொல்ல மாட்டேன். கடை வாடகை உண்டு, பணம் மாதக்கணக்கில் முடங்கும், வாங்கியவர் திரும்பி வந்தால் பதில் சொல்ல வேண்டும். இன்றே பணம் வேண்டும் என்பவர் அதற்காகச் சற்று விட்டுக்கொடுப்பதில் தவறில்லை. 'இதுக்கு மதிப்பே இல்ல' என்று சொல்லும் இடத்தில்தான் அநியாயம் தொடங்குகிறது.

சட்டம் நியாய விலையைச் சொல்லாது. நம் நாட்டின் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், 1872-இன் இந்தியச் சட்டத்தை ஒட்டி எழுதப்பட்டது. ஆயிரம் பெறும் குதிரையை ஒருவர் மனமொப்பிப் பத்துக்கு விற்றால் அந்த ஒப்பந்தம் செல்லும் என்கிறது அது. குதிரையின் குறையை அறிந்தும் ஏலத்தில் விற்றவர் வாய் திறக்காமல் இருந்தால், அந்த மௌனம் மட்டும் மோசடி ஆகாது என்கிறது. உடனே ஒரு விலக்கையும் வைக்கிறது: வாங்குபவர், இப்போதுதான் சட்டவயதை எட்டிய மகள் என்றால், அந்த உறவே தந்தையைச் சொல்ல வைக்கும். தோட்டத்தில் விற்பவரும் வாங்குபவரும் பெரும்பாலும் ஒரே லயத்துக்காரர்கள். இங்கே அந்த விலக்கே விதியாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். எண், ஆண்டு, டயலின் நிலை, சர்வீஸ் ஆனதா இல்லையா என்பதையெல்லாம் சொன்ன பிறகு ஒப்பும் விலைதான் நியாய விலை. சொல்லாமல் பெற்ற 250-ஐவிடச் சொல்லிப் பெற்ற 180 சரியானது.

180-க்குத்தான் கொடுத்தேன். வாங்கியவன் எங்கள் பக்கத்து வீட்டுப் பையன். மறுபூச்சு என்று முதலிலேயே சொல்லி, குறியீடு இருக்க வேண்டிய இடத்தையும் காட்டினேன். கையில் கட்டி, வாசலுக்குப் போய் வெளிச்சத்தில் பார்த்தான். 'பரவாயில்லண்ணே, மணி நல்லாத் தெரியுது' என்றான்.